லெக்கோ அடுப்பும் கொல்லைப்புறப் புகையும்

நெய்வேலியில் ஐம்பது வயதைத் தாண்டிய யாரிடமாவது "லெக்கோ" என்று சொல்லிப் பாருங்கள். உடனே அடுப்பு, விசிறி, மண்ணெண்ணெய், கொல்லைப்புறம் என்று பேச்சு நீளும். இன்றைய பிள்ளைகளுக்கு அந்தப் பெயரே தெரியாது. என் பேரனிடம் ஒரு நாள் சொன்னேன். அவன் ஏதோ பிளாஸ்டிக் கட்டைகளை அடுக்கி விளையாடும் விளையாட்டைச் சொல்கிறேன் என்று நினைத்துக்கொண்டான். "அதுல எப்படி பாட்டி சோறு ஆக்குனீங்க?" என்று கேட்டான்.

அதனால்தான் இதை எழுதி வைக்கத் தோன்றியது. கரியிலிருந்து புகையை எடுத்துவிட்டு, மிச்சத்தை அடுப்புக்கு விற்ற ஊர் இது. அதே ஊரில், அதே வீடுகளின் கொல்லையில், நாங்கள் ருசிக்காகப் புகையைத் தேடிப் போனோம். இரண்டும் ஒன்றுக்கொன்று முரண் போலத் தெரியும். எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஏன் என்று சொல்கிறேன்.

மரமாக இருந்த கரி

நான் பிறந்து படித்தது புதுச்சேரியில், பிரெஞ்சு மொழி வழியில். பூகோள வகுப்பில் 'லின்யித்' என்று ஒரு சொல் வந்தது. இலத்தீனில் 'லிக்னும்' என்றால் மரம், விறகு; அதிலிருந்து வந்த பெயர் என்று மாஸ்டர் சொல்லிக்கொடுத்தார். அந்த லின்யித் கிடைக்கும் ஊருக்கே வாழ்க்கைப்பட்டுப் போவேன் என்று அப்போது நினைக்கவில்லை. 1974இல் திருமணமாகி நெய்வேலிக்கு வந்தேன். என் வீட்டுக்காரருக்குச் சுரங்கத்தில் வேலை. எனக்கு அஞ்சல் அலுவலகத்தில் கிளார்க் வேலை. ஒரு நாள் அவர் ஒரு கட்டி பழுப்பு நிலக்கரியைக் கொண்டுவந்து காட்டினார். கறுப்பு என்று நினைத்திருந்தேன்; காப்பிப்பொடி நிறம். பிட்டுப் பார்த்தால் உள்ளே மரத்தின் நார் வரி தெரிந்தது. மாஸ்டர் சொன்னது சரிதான்.

ஊரின் கதை உங்களுக்குத் தெரிந்ததே, சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1930களின் நடுவில் ஜம்புலிங்க முதலியார் தம் நிலத்தில் ஆழ்துளைக் கிணறு போட்டபோது தண்ணீரோடு கறுப்புத் துகள்கள் வந்தன. அங்கே தொடங்கியது எல்லாம். 1956இல் நெய்வேலி லிக்னைட் கார்ப்பரேஷன் அமைந்தது. 1957 மே மாதம் பிரதமர் நேரு சுரங்கப் பணியைத் தொடங்கிவைத்தார். 1961இல் நிலக்கரிப் படிவம் கண்ணுக்குத் தெரிந்தது. 1962இல் சோவியத் உதவியோடு கட்டிய அனல் மின் நிலையத்தில் மின்சாரம் வந்தது.

ஆனால் திட்டம் மின்சாரத்தோடு நிற்கவில்லை. உர ஆலை ஒன்று. இன்னொன்று, நம் கதைக்கு வேண்டியது, கரிக்கட்டி ஆலை. அதை 'பி அண்டு சி பிளான்ட்' என்றுதான் ஊரில் எல்லோரும் சொல்வோம். சென்னை மாநிலத்தில் நல்ல நிலக்கரி கிடையாது. வங்காளம், பீகார், சிங்கரேணி என்று தொலைவிலிருந்து ரயிலில் வர வேண்டும். வீட்டு அடுப்புக்கோ விறகும் வறட்டியும்தான். விறகுக்குக் காடு போகிறது, வறட்டிக்கு வயலின் எரு போகிறது. நெய்வேலிக் கரியை வீட்டு அடுப்புக்கு ஏற்றபடி மாற்றிக் கொடுத்தால் இரண்டும் மிஞ்சும் என்பது அன்றைய கணக்கு.

மாற்றாமல் அப்படியே கொடுக்க முடியாது. பழுப்பு நிலக்கரியில் பாதிக்குப் பாதி தண்ணீர். எரித்தால் தாரும் கந்தகமும் கலந்த புகை கண்ணைப் பறிக்கும். அதனால் முதலில் அரைத்து உலர்த்துவார்கள். பிறகு அழுத்திக் கட்டியாக்குவார்கள். ஜெர்மனியில் குளிர்காலத்தில் வீட்டைச் சூடாக்க இப்படிப்பட்ட கட்டிகளை வெகுகாலமாகப் பயன்படுத்தினார்கள். நெய்வேலியில் அதோடு விடாமல், கட்டிகளைக் காற்றுப் படாமல் சூடேற்றினார்கள். உள்ளிருக்கும் ஆவிகளும் தாரும் பிரிந்து வெளியே போய்விடும். மிஞ்சுவது ஏறக்குறைய வெறும் கரிமம். அதுதான் லெக்கோ. நம் ஊர்க்காரர்கள் மரத்தை மண்ணால் மூடி மூட்டம் போட்டு அடுப்புக்கரி எடுப்பதில்லையா, அதே வேலையைப் பெரிய ஆலையில் செய்தார்கள். 1960களின் நடுவிலிருந்து லெக்கோ சந்தைக்கு வந்தது. தொழிற்சாலைகளுக்கும் போனது, சென்னையில் டீக்கடை பாய்லருக்கும் போனது, எங்கள் குவார்ட்டர்ஸ் அடுப்புக்கும் வந்தது.

வெள்ளைச் சுவர்

லெக்கோ அடுப்பு பற்றவைப்பது ஒரு கலை. அடுப்பைக் கொல்லைப்புறத்தில் வைக்க வேண்டும். அடியில் கொஞ்சம் தேங்காய் மட்டை, சிராய், மேலே லெக்கோ, ஒரு கரண்டி மண்ணெண்ணெய். தீக்குச்சியைக் கிழித்துப் போட்டு விசிற வேண்டும். பற்றுவதற்குள் அரைமணி நேரம் ஆகிவிடும். முதலில் கொஞ்சம் புகையும். கட்டிகள் சிவந்து, மேலே சாம்பல் பூத்ததும் புகை நின்றுவிடும். அதற்குப் பிறகுதான் அடுப்பை உள்ளே தூக்கி வருவோம். காலையில் ஐந்து மணிக்கு எங்கள் வட்டத்தில் வரிசையாக எல்லாக் கொல்லையிலும் விசிறி ஓசை கேட்கும். சுரங்கத்தில் முதல் ஷிப்டுக்குப் போகிறவர்களின் வீட்டில் அதற்கும் முன்னாலேயே கேட்கும்.

பிடித்துக்கொண்டால் லெக்கோ லேசில் விடாது. மூன்று மணி, நான்கு மணி நேரம் ஒரே சீரான தணல். சோறு, குழம்பு, ரசம் எல்லாம் முடிந்த பிறகும் சூடு மிச்சம் இருக்கும். அந்த மிச்சத் தணலுக்கு என்றே சில சமையல் உண்டு. கேழ்வரகுக் களிக்கு உலை, மொச்சை வேகவைத்தல், பாலைச் சுண்டக் காய்ச்சுதல், ஆட்டுக்கால் சூப். இரவில் தணலின் மேல் சாம்பலைப் போர்த்தி ஆட்டுக்காலை ஏற்றிவிட்டுப் படுத்தால் காலையில் எலும்பு தனியாகக் கழன்றிருக்கும். ஆனால் ஒன்று: கதவு சன்னல்களைச் சாத்திக்கொண்டு அதை உள்ளே வைத்துத் தூங்கக் கூடாது. புகை இல்லை என்பதால் ஆபத்து இல்லை என்று ஆகாது. எரியும் கரி கார்பன் மோனாக்சைடு விடும். அதற்கு நிறமும் இல்லை, வாசமும் இல்லை. அதனால் இரவு அடுப்பு எங்கள் வீட்டில் எப்போதும் பின்தாழ்வாரத்தில்தான்.

1977இல் என் இரண்டாவது பிரசவத்துக்குத் துணையாக அம்மா புதுவையிலிருந்து வந்தார். வந்த அன்றே சமையலறையைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். "என்னம்மா?" என்றேன். "செவுரு வெள்ளையா இருக்குதேடி" என்றார். அவர் சொன்ன பிறகுதான் நானும் நிமிர்ந்து பார்த்தேன். நாங்கள் வளர்ந்த வீட்டில் சமையலறைச் சுவர் கறுப்பு. உத்தரம் கறுப்பு. மேலே தொங்கும் ஒட்டடை கறுப்பு. சவுக்கு விறகு. மழைக்காலத்தில் ஈர விறகு. ஊதுகுழலை வாயில் வைத்துக்கொண்டு அம்மா ஊதுவதும், இருமுவதும், முந்தானையால் கண்ணைத் துடைப்பதும், மறுபடி ஊதுவதும்தான் எனக்குத் தெரிந்த சமையல். அவர் நெய்வேலியில் இருந்த மூன்று மாதமும் இருமல் குறைந்திருந்தது. ஊர் காற்று ஒத்துக்கொண்டது என்று நாங்கள் பேசிக்கொண்டோம். சுரங்க ஊரில், அனல் மின் நிலையத்துச் சாம்பல் துணியில் படியும் ஊரில், காற்று நன்றாக இருந்து என்ன? அடுப்பு மாறியிருந்தது, அவ்வளவுதான்.

இந்த வசதி எல்லோருக்கும் வந்துவிடவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். டவுன்ஷிப் எல்லையைத் தாண்டினால் முந்திரித் தோப்பு. சுற்றுக் கிராமங்களில் அடுப்புக்கு முந்திரி மிலாரும் சருகும்தான். முதியோர் பென்ஷன் மணியார்டர் விஷயமாக அந்தக் கிராமத்துப் பாட்டிமார்கள் எங்கள் கவுன்டருக்கு வந்து நிற்பார்கள். கைநாட்டு வைக்க அவர்கள் குனியும்போது புடவையிலிருந்து புகை வாசம் வரும். கண் சிவந்து நீர் கோத்திருக்கும். அவர்களில் எத்தனையோ பேரின் சொந்த பந்தங்கள் சுரங்கத்துக்காக நிலத்தைக் கொடுத்தவர்கள். அந்த நிலத்தின் அடியிலிருந்து வந்த கரி புகையில்லாமல் எரிந்தது எங்கள் வீட்டில். அந்த வாசம் கவுன்டர் கம்பிக்கு இந்தப் பக்கம் வரும்போதெல்லாம் எனக்கு இது தோன்றும்.

நாக்கு கேட்ட கேள்வி

லெக்கோவில் எல்லாம் வெந்தது. ஆனால் ஒன்று வரவில்லை. கத்தரிக்காய் கொத்சு.

சிதம்பரம் பக்கத்தில்தானே இருக்கிறது. நடராஜர் கோயிலின் சம்பா சாதத்துக்குத் துணை கொத்சு. அதைச் செய்வதில் வீட்டுக்கு வீடு பக்குவம் மாறும். எங்கள் வீட்டில் கத்தரிக்காயைச் சுட்டுச் செய்வோம். விறகு அடுப்பில் சுட்டால் தோல் கருகி வெடித்து, சதைக்குள் ஒரு மணம் இறங்கும். அதே காயை லெக்கோத் தணலில் சுட்டேன். தோல் கருகியது. சதை வெந்தது. மணம் மட்டும் இல்லை. வெந்த கத்தரிக்காய் மாதிரி இருந்தது, சுட்ட கத்தரிக்காய் மாதிரி இல்லை. பக்கத்துக் குவார்ட்டர்ஸில் இருந்த வட இந்தியக் குடும்பத்துப் பெண்ணும் இதையே சொன்னார். அவர்கள் 'பைங்கன் பர்த்தா' செய்வார்கள். அதுவும் சுட்ட கத்தரிக்காய்தான். எதிர்வீட்டுச் சேச்சிக்குச் சுட்ட கருவாடு சரியாக வரவில்லை.

இதற்குக் காரணம் என்ன என்பதை ஆலையில் வேலை பார்த்த உறவினர் ஒருவர்தான் விளக்கினார். மரத்தில் 'லிக்னின்' என்று ஒரு பொருள் இருக்கிறதாம். மரத்துக்கு உறுதி தருவது அதுதான். பாருங்கள், இதுவும் அந்த 'லிக்னும்' வழி வந்த பெயர்தான். மரம் புகையும்போது லிக்னின் உடைந்து ஃபீனால் வகைப் பொருள்கள் பல ஆவியாகக் கிளம்பும். குவையகால், சிரிங்கால் என்பவை அவற்றில் முக்கியமானவை. புகையில் சுட்ட பண்டத்தின் ருசிக்கும் மணத்துக்கும் பெரும்பகுதி அவைதான் காரணம். மீனும் இறைச்சியும் கெடாமல் இருக்கவும் அவை உதவுகின்றன. உப்பும் உலர்ச்சியும் பாதி வேலையைச் செய்ய, கிருமியைத் தடுப்பதிலும் கொழுப்பு சிக்கு வாடை அடிக்காமல் காப்பதிலும் புகை மீதியைச் செய்கிறது.

நிலக்கரியும் ஒரு காலத்தில் மரம். அதைச் சூடேற்றும்போதும் ஃபீனால் வகைகள் பிரிந்து வரும். நெய்வேலி ஆலை அவற்றை வீணாக்கவில்லை. கார்பாலிக் அமிலம், கிரெசால், நியூட்ரல் ஆயில் என்று பிரித்து பீப்பாய்களில் அடைத்து விற்றது. ஆஸ்பத்திரித் தரை கழுவும் மருந்தின் வாசம் தெரியுமல்லவா, அந்தக் குடும்பம். ஆக, எங்கள் கொத்சுவுக்கு வராமல் போன மணத்தின் அண்ணன் தம்பிகள் பீப்பாயில் ஏறி லாரியில் போய்க்கொண்டிருந்தார்கள். மிச்சம்தான் எங்கள் அடுப்புக்கு வந்தது. "புகையில்லாமலும் வேணும், புகை மணமும் வேணும்னா எப்படி அண்ணி?" என்று அவர் சிரித்தார்.

வழி ஒன்றுதான் இருந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் கொல்லைப்புறத்தில் மூன்று செங்கல் வைத்து விறகு மூட்டினோம். பண்ருட்டி பக்கமிருந்து வரும் பலாச் சிராய், தேங்காய் மட்டை, தோட்டத்தில் கழித்த கொம்பு. கத்தரிக்காய், கருவாடு, மக்காச்சோளம், சாம்பலுக்குள் புதைத்த சர்க்கரைவள்ளிக் கிழங்கு. கார்த்திகை கழிந்தால் பனங்கிழங்கு. டவுன்ஷிப் குவார்ட்டர்ஸில் வீடு சிறியது என்றாலும் கொல்லை பெரியது. நாலு வீட்டுப் பிள்ளைகள் ஒரு கொல்லையில் கூடிவிடுவார்கள். பச்சை நிலக்கரித் துண்டைப் போட்டால் என்ன என்று ஒரு பையன் கேட்டான். அது ஆகாது. கந்தகமும் தாரும் உணவில் ஏறும். எல்லாப் புகையும் உணவுக்கான புகை இல்லை.

கடலைத் தாண்டிய புகை

புகையில் வாட்டிப் பக்குவப்படுத்துவது நம் பக்கத்துக்குப் புதியதல்ல. மாலத்தீவுச் சூரை மீனில் செய்யும் மாசிக் கருவாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். மீனை அவித்து, புகையில் வாட்டி, வெயிலில் காயவைத்து மரக்கட்டைபோல ஆக்கிவிடுவார்கள். யாழ்ப்பாணத்துச் சம்பலில் அதை இடித்துப் போடுவது உண்டு. 14ஆம் நூற்றாண்டில் மாலத்தீவில் தங்கியிருந்த மொரோக்கோப் பயணி இபின் பதூதா இந்த மீனைப் பற்றி எழுதியிருக்கிறார். துண்டு போட்டு, லேசாக அவித்து, ஓலைக்கூடையில் வைத்துப் புகைக்கு மேலே தொங்கவிடுவார்கள் என்றும், இந்தியா, சீனா, ஏமன் வரை அது ஏற்றுமதியாகிறது என்றும் அவர் குறிப்பில் இருக்கிறது. அறுநூற்றைம்பது ஆண்டுக்கு மேலான பக்குவம்.

எனக்குப் பள்ளியில் தெரிந்த சொல் வேறு. கரீபியன் தீவுகளின் பழங்குடிகளும் தென் அமெரிக்கப் பழங்குடிகளும் கொம்புகளால் பந்தல் போட்டு, அடியில் மெதுவாகத் தீ மூட்டி, இறைச்சியைப் புகையில் வாட்டினார்கள். அதைப் பிரெஞ்சுக்காரர்கள் 'புக்கான்' என்றார்கள். 17ஆம் நூற்றாண்டில் ஹிஸ்பானியோலா தீவில் காட்டு மாடும் பன்றியும் வேட்டையாடி, புக்கானில் வாட்டி, கப்பல்களுக்கு விற்று வாழ்ந்த பிரெஞ்சுக்காரர்களுக்கு 'புக்கானியே' என்று பெயர். பின்னால் அவர்களில் பலர் கடற்கொள்ளையில் இறங்கிவிட்டதால் அந்தப் பெயரே கடற்கொள்ளையருக்கு ஆகிவந்தது. இன்று எல்லோரும் சொல்லும் 'பார்பிக்யூ' என்ற சொல்லும் அதே கரீபியன் பந்தலிலிருந்து ஸ்பானிய மொழி வழியாக வந்ததுதான்.

அந்தப் புக்கான் நம் தமிழர் கைக்கு வந்தது ரீயூனியன் தீவில். 1848 டிசம்பர் 20 அன்று அங்கே அடிமை முறை ஒழிந்தது. கரும்புத் தோட்டங்களுக்கு ஆள் தேவைப்பட்டது. புதுச்சேரியிலும் காரைக்காலிலும் கப்பல் ஏற்றி ஒப்பந்தக் கூலிகளாகத் தமிழர்களை அழைத்துப் போனார்கள். பிறகு 1860களில் ஆங்கிலேயரோடு செய்த உடன்படிக்கையால் பிரிட்டிஷ் இந்தியப் பகுதிகளிலிருந்தும் ஆள் எடுத்தார்கள். 1882இல் ஆங்கிலேய அரசு அதை நிறுத்தியது. போனவர்களை அங்கே 'மலபார்' என்று அழைத்தார்கள், பெரும்பாலோர் தமிழர்கள் என்றாலும். அவர்கள் வழியாகக் கறி அங்கே 'கரி' ஆயிற்று. அங்கே சோற்றுக்குத் தொட்டுக்கொள்ளும் காரமான 'ருகாய்', நம் ஊறுகாயிலிருந்து வந்த பெயர் என்பார்கள். உப்பிட்டுப் புகையில் வாட்டிய பன்றி இறைச்சிக்கு 'புக்கானே' என்று பெயர். அதைக் கத்தரிக்காயோடு சேர்த்துச் செய்யும் கறி அந்தத் தீவின் வீட்டுச் சாப்பாடு. மழை நாளில், உடம்பு சோர்ந்த நாளில், அம்மா கையால் வேண்டும் என்று தோன்றுகிற சாப்பாடு. நமக்குப் பருப்புத் துவையலும் சுட்ட அப்பளமும் எப்படியோ அப்படி.

என் பெரியம்மா மகள், அக்கா ஒருவர், பிரெஞ்சுக் குடியுரிமை எடுத்த குடும்பத்தில் வாழ்க்கைப்பட்டவர். அத்தானுக்கு ரீயூனியனில் அரசு வேலை. 1983இல் விடுமுறைக்கு இந்தியா வந்தபோது நெய்வேலியில் எங்களோடு ஒரு வாரம் இருந்தார். கொல்லையைப் பார்த்ததுமே, "இவ்வளவு இடம் வச்சிருக்கே, புக்கான் போடாம இருக்கியே!" என்றார். அங்கே அவருக்கு அதைக் கற்றுக்கொடுத்தது பக்கத்து வீட்டுக் கிழவியாம். அந்தக் கிழவியின் முன்னோர் காரைக்காலில் கப்பல் ஏறியவர்கள். தமிழ் மறந்துபோயிருந்தது, அடுப்பு மறக்கவில்லை.

அக்கா செய்தது இப்படி. கொழுப்போடு கூடிய பன்றி இறைச்சியை நீள நீளமாக அரிந்து, கல்லுப்பு, பூண்டு, மிளகு தடவி ஓர் இரவு வைத்தார். மறுநாள் துடைத்து நிழலில் காற்றாட விட்டார். செங்கல்லை இடுப்பு உயரத்துக்குக் கூண்டாக அடுக்கி, மேலே கம்பி போட்டு, இறைச்சியைத் தொங்கவிட்டார். அடியில் பலாச் சிராயும் தேங்காய் மட்டையும். எரியக் கூடாது, கனிய வேண்டும். எரிந்தால் தண்ணீர் தெளிப்பார். மேலே ஈரச் சாக்கு மூடி. காலை ஏழு மணிக்குத் தொடங்கி மாலை நான்கு வரை. எடுத்தபோது வெளிப்பக்கம் புளியங்கொட்டை நிறம். பிறகு ஒரு கொதி கொதிக்கவிட்டு உப்பை வடித்தார். துண்டு போட்டு, வெங்காயம், பூண்டு, மஞ்சள், தக்காளி, பச்சை மிளகாய், கடைசியாகக் கத்தரிக்காய்.

பன்றி சாப்பிடாத அண்டை வீட்டாருக்காக அதே கூண்டில் கடலூரிலிருந்து வந்த சூரை மீனையும் தொங்கவிட்டிருந்தார். சைவக்காரர்களுக்கு வெறும் கத்தரிக்காய். அன்று எங்கள் கொல்லையில் நாலு மாநிலத்துக்காரர்கள் உட்கார்ந்து சாப்பிட்டோம். சேச்சி மீனை வாயில் வைத்ததும், "இது நம்ம ஊரு அடுக்களை பரண் மணம்" என்றார். வட இந்தியப் பெண் கத்தரிக்காயை இன்னொரு முறை கேட்டு வாங்கிக்கொண்டார். அம்மாவும் அப்போது எங்களோடு இருந்தார். அவர் கூண்டிலிருந்து தள்ளி, காற்று வரும் பக்கமாக நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். சாப்பாட்டை ரசித்துச் சாப்பிட்டார். "ருசிக்கு ஒரு நாள் சரி. தினம் மூணு வேளைன்னா நீ செய்வியா?" என்று அக்காவிடம் கேட்டார். அக்கா பதில் சொல்லவில்லை.

பீடி பிடிப்பாரா?

1988இல் எங்கள் வீட்டுக்கு கேஸ் வந்தது. லெக்கோ அடுப்பு தாழ்வாரத்துக்குப் போய், பிறகு பழைய இரும்புக்காரனிடம் போனது. ஊரெங்கும் அதே கதை. வீடுகளில் கேஸ் பரவப் பரவ லெக்கோவுக்குக் கிராக்கி குறைந்தது. 2000களின் தொடக்கத்தில் கரிக்கட்டி ஆலையும் மூடப்பட்டது. அங்கிருந்தவர்கள் வேறு பிரிவுகளுக்குப் போனார்கள். 2020இல் முதல் அனல் மின் நிலையமும் ஓய்ந்துவிட்டது. கார்ப்பரேஷன் பெயரும் என்எல்சி இந்தியா என்று மாறிவிட்டது.

1991இல் அம்மாவுக்கு மூச்சு வாங்குவது அதிகமாயிற்று. ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போனோம். படத்தைப் பார்த்துவிட்டு டாக்டர் என்னிடம் மெதுவாகக் கேட்டார்: "இவங்களுக்குப் பீடி, சுருட்டுப் பழக்கம் உண்டா?" அம்மாவின் காதில் விழுந்துவிட்டது. அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரிப்பு இருமலாகி, நிற்பதற்கு வெகுநேரம் ஆனது. பிறகு டாக்டர் அடுப்பைப் பற்றிக் கேட்டார். எத்தனை வருஷம் விறகு என்று கேட்டார். பதினான்கு வயதில் கல்யாணம், அறுபது வயது வரை விறகு. டாக்டர் கணக்குப் போட்டுப் பார்த்து, தலையை மட்டும் ஆட்டினார். அடுத்த ஆண்டு அம்மா இறந்தார். தம் வாழ்நாளில் ஒரு பீடியைக் கையால் தொட்டதில்லை.

வீட்டு அடுப்புப் புகையால் 2020ஆம் ஆண்டில் மட்டும் உலகம் முழுவதும் சுமார் 32 லட்சம் பேர் இறந்திருப்பதாக உலகச் சுகாதார நிறுவனம் கணக்கிட்டிருக்கிறது. அடுப்பின் முன் நெடுநேரம் உட்காருபவர்கள் பெண்கள். பக்கத்தில் தவழும் குழந்தைகள். தமிழக அரசு இலவச எரிவாயு அடுப்பு கொடுத்ததும், 2016இல் மத்திய அரசு உஜ்வலா திட்டம் கொண்டுவந்ததும் எனக்கு அரசியல் செய்தியாகத் தெரியவில்லை. என் கவுன்டருக்கு வந்த பாட்டிமார்களின் பேத்திகள் கண் சிவக்காமல் சமைப்பார்கள் என்றுதான் நினைத்துக்கொண்டேன். சிலிண்டர் விலை ஏறும்போது அவர்களில் சிலர் மறுபடி மிலாருக்குப் போவதையும் பார்க்கிறேன். அது வருத்தமாக இருக்கிறது.

இப்போது ஒரு புது வழக்கம். நகரத்தில் பணம் கொடுத்து வாங்கிய புகைப்பெட்டியை மாடியில் வைத்து வார இறுதியில் இறைச்சி வாட்டுகிறார்கள். ஓட்டல்களில் 'விறகு அடுப்புச் சமையல்' என்று பலகை போட்டுக் கூடுதல் விலை வைக்கிறார்கள். என் மகனும் ஒரு பெட்டி வாங்கியிருக்கிறான். அதில் செய்த கோழி நன்றாகவே இருந்தது. அதைக் குறை சொல்ல எனக்கு ஒன்றும் இல்லை. 'அந்தக் கால விறகு அடுப்புச் சமையல் போல வருமா' என்று பெருமூச்சு விடுகிற நம் வயதுக்காரர்களிடம் மட்டும் ஒன்று சொல்ல வேண்டும். அந்தச் சமையலைச் சாப்பிட்டவர்கள் நாம். சமைத்தவர்கள் வேறு. அவர்களைக் கேட்டால் முதலில் இருமிவிட்டுத்தான் பதில் சொல்லியிருப்பார்கள். ருசியை நான் மறுக்கவில்லை. ஆனால் வேண்டும் என்று தேடிப்போய் மூட்டுகிற புகை வேறு, வேறு வழியில்லாமல் தினம் மூன்று வேளை தின்ற புகை வேறு. முதலாவது வேண்டுமானால் இருக்கட்டும். இரண்டாவது போனது நல்லதற்கே. அதை விரட்டியதில் நம் ஊர் லெக்கோவுக்கும் ஒரு பங்கு உண்டு. சிறிய பங்கு, சில லட்சம் வீடுகளுக்குக்கூட முழுதாகப் போய்ச் சேர்ந்திருக்காது. ஆனாலும் பங்குதான்.

சுட்ட கத்தரிக்காய் கொத்சு செய்ய ஆசைப்படுகிறவர்களுக்கு: வெளியில், காற்றோட்டமான இடத்தில், விறகுத் தணலில் காயைப் போடுங்கள். அடிக்கடி வேண்டாம், மாதம் ஒரு முறை போதும். தோலை உரித்து மசித்து, புளி, சின்ன வெங்காயம், வறுத்து அரைத்த மல்லி மிளகாய், கடைசியில் நல்லெண்ணெய். அடுப்புப் பக்கம் உட்காருகிறவரை நடுநடுவே எழுப்பிவிட்டு, நீங்கள் போய் உட்காருங்கள்.